பழைய கார் டெம்பரேச்சர் முள்ளு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

அஸ்தம்பட்டி தம்பி: அண்ணா, மாருதி 800 கார்ப்புரேட்டர் மாடல். ஏற்காடு மேல போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி கொதிச்சு டப்பால வழியுது, ஆனா முள்ளு சிவப்பத் தொடவே இல்ல. மீட்டர் போச்சா?

பதில்: மீட்டர் சரியாதான் காட்டுது தம்பி, ரேடியேட்டர் மூடியப் பாருங்க. மூடில இருக்கிற ஸ்பிரிங்தான் உள்ள பிரஷர நிறுத்துது, 0.9 பார் நின்னா தண்ணி 118 டிகிரி வாக்குல வரைக்கும் கொதிக்காது. ரப்பர் வாஷர் காஞ்சு போச்சுன்னா பிரஷர் நிக்காது, ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்க திறந்த பாத்திரத்துல 95 டிகிரிலயே தண்ணி கொதிச்சிரும், இஞ்சினோட சாதாரண சூடே அதுக்குப் பக்கத்துலதான் இருக்கும், அப்புறம் முள்ளு எப்படி சிவப்புக்குப் போகும்? வாஷர நகத்தால அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தாலோ வெடிச்சிருந்தாலோ மூடி மேல போட்டிருக்கிற அதே நம்பர்ல புதுசு வாங்கிப் போடுங்க. இஞ்சின் நல்லா ஆறின அப்புறம்தான் மூடியத் தொறக்கணும், சூட்டோட தொறந்தா மூஞ்சி வெந்துரும்.

அயோத்தியாப்பட்டணம்: அம்பாசடர். ஏத்தத்துல மேல போன முள்ளு சட்டுனு கீழ விழுந்துருச்சு. ஆறிருச்சுன்னு ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்க!! முள்ளு ஏறுறத விட எனக்கு இதுதான் பயம். சென்சார் தண்ணில முங்கி இருந்தாதான் சூடு தெரியும், ஹோஸ் கிழிஞ்சு தண்ணி போயிருச்சுன்னா அது வெறும் காத்துல நிக்கும், முள்ளு இறங்கிரும், உள்ள இஞ்சினோட மேல்பாகம், அதான் ஹெட், சூட்டுல வளைஞ்சிட்டு இருக்கும். உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. தண்ணி சரியா இருந்தா சென்சார் ஒயர் கழண்டிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை: பத்மினி. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஏறுது.

பதில்: ரெண்டும் ஒண்ணா ஏறுனா முதல்ல மீட்டருக்குப் போற கரண்ட், எர்த் ஒயர் பாருங்க. நல்ல எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க.

ஓமலூர்: நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம்னு மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டிட்டார், இப்ப முள்ளு மேல வரவே மாட்டேங்குது. நல்லதுதானே?

பதில்: நல்லதில்லங்க. இஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மறிக்கிறதுதான் அந்த வால்வு. அது இல்லன்னா இஞ்சினுக்கு வேண்டிய சூடு வராம பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயில்ல கலந்து தேய்மானம் வரும்.

தாரமங்கலம்: நாங்க வருசக்கணக்கா வால்வு இல்லாமதான் டாக்ஸி ஓட்டுறோம், ஒண்ணும் ஆகல.

பதில்: நாள் பூரா நிக்காம ஓடுற வண்டில அது லேட்டாதான் தெரியும்ணா. சில இஞ்சின்ல வால்வக் கழட்டினா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம பைபாஸ்ங்கிற குறுக்குக் குழாய் வழியாவே சுத்தும், மலைல இன்னும்தான் சூடாகும்.

தாரமங்கலம்: வால்வு தொறக்காம சிக்கிக்கிட்டா?

பதில்: அது நியாயம். வழில சிக்குனா கழட்டிட்டு வீடு வந்து சேருங்க, யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. அடுத்த நாளே புதுசு போடணும், அதுக்குத்தான் இவ்வளவு சண்டை. பழசு நல்லாருக்கான்னு பாக்க நூல்ல கட்டி அடுப்புல தண்ணிக்குள்ள தொங்க விடுங்க, 82 நம்பர், அதாவது 82 டிகிரில தொறக்க ஆரம்பிக்கும்னு போட்ட வால்வுன்னா தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடியே வாய் தொறக்கும்.

சூரமங்கலம்: ஏத்தத்துல தண்ணி வழியுது, முள்ளு நார்மல்.

பதில்: முதல் பதில் படிங்க. மூடி. ஆறின அப்புறம்.

கன்னங்குறிச்சி: போர் தண்ணி ஊத்தலாமா?

பதில்: வேண்டாம், உப்பு படிஞ்சு ரேடியேட்டர் அடைக்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி.

ஆத்தூர்: டர்போ டீசல்...

பதில்: எனக்குப் பழக்கமில்லைங்க, டீசல் ஆளுங்களக் கேளுங்க.

அஸ்தம்பட்டி தம்பி: அண்ணா, மலை இறங்கும்போதும் முள்ளு இறங்குது, நிறுத்தணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஆக்சிலேட்டர் மிதிக்காம கியர்ல இறங்குறீங்க, லோடு இல்ல, மெதுவா இறங்கும். ஏறும்போது சட்டுனு விழுந்தா மட்டும் நிறுத்துங்க.