பல் இருந்தும் பலீன் திமிங்கிலம்தான்

உங்கள் மகள் ஜன்ஜுசீட்டஸ் என்ற பழங்காலத் திமிங்கிலத்தைப் பல்லோடு வரைந்து, கீழே 'பலீன் திமிங்கிலம்' (பல்லுக்குப் பதில், இரையை வடிகட்டும் பலீன் தகடுகள் வாயில் கொண்ட வகை) என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார் என்று கேட்டிருந்தீர்கள். அடித்ததுதான் தவறு! ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையில், ஜன் ஜுக் அருகே கிடைத்த புதைபடிவம் அது; சுமார் 2.5 கோடி ஆண்டுப் பழமை. 2006இல் தொல்லுயிரியலாளர் எரிக் ஃபிட்ஸ்ஜெரால்டு பெயரிட்டார். பெரிய கண்கள், கூரிய பற்கள். இரையை வடிகட்டாமல் கடித்துப் பிடித்த வேட்டைக்காரன். தாடையிலோ பலீன் தகடு இல்லை. பிறகு ஏன் பலீன் இனத்தில் சேர்க்கிறார்கள்? பல்லை விடுங்கள், மண்டையோட்டைப் பாருங்கள்: மேல்தாடை எலும்புகளின் அமைப்பு பலீன் திமிங்கிலங்களோடுதான் ஒத்துப்போகிறது. இன்னொன்றையும் ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள். இன்றைய நீலத் திமிங்கிலக் கருவிலும் பல் மொட்டுகள் அரும்பி, பிறக்குமுன் கரைந்துவிடுகின்றன. ஓவியத்தில் கண்ணை மட்டும் இன்னும் சற்றுப் பெரிதாக்கலாம்.