கடல் பார்க்க ஓர் இடம், சாப்பிட வேறு இடம்

கேள்வி: மகள் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் படிக்கிறாள். ஜூன் மாதம் நானும் கணவரும் மாமியாரும் போகிறோம். கணவர் மீன் பிரியர், மாமியார் சுத்த சைவம். கடலோரம் வரிசையாக உணவகங்கள் இருக்குமாம். எதை நம்பி உள்ளே நுழைவது?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: கடலோரத்தில் எதிலும் நுழையாதீர்கள். புரோம்னாத் தேஸ் ஆங்லே என்ற கடற்கரைச் சாலையில் நீல நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து கடல் பார்க்கக் காசு கிடையாது. அதே கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆசைப்பட்டால் பில் எகிறும். கொஞ்சம் உள்ளே நடந்தால் பழைய நகரத்துச் சந்துகள். அங்கே தேடுங்கள்.

எங்கள் வீட்டில் திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்தினார்கள். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பலகையைத்தான் படிப்பேன். ஆறு மொழியில் படத்தோடு நாலு பக்க மெனு, வாசலில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஓர் ஆள் என்றால் நடையைக் கட்டுங்கள். கரும்பலகையில் சாக்பீஸால் நாலைந்து அயிட்டம் மட்டும் எழுதியிருந்தால் நின்று பாருங்கள். பாத்திரத்தின் மேல் வீட்டுக் கூரை வைத்த ஒரு முத்திரையும் மெனுவில் கண்ணில் படலாம். 2014-இல் வந்தது அது. அந்தச் சமையலறையிலேயே ஆக்கிய பண்டம் என்று அர்த்தம். ஆனால் உறைய வைத்த பச்சை மீனில் செய்தாலும் அந்த முத்திரை போடலாம். மீன் புதுசா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

முழு மீனுக்குப் பல இடங்களில் 100 கிராம் கணக்கில் விலை போட்டிருப்பார்கள். சின்ன எண்ணைப் பார்த்து உங்கள் கணவர் குஷியாகிவிடப் போகிறார்! எடை போட்டு மொத்த விலை சொன்ன பிறகு சரி சொல்லுங்கள்.

மாமியாருக்கு நீஸ் நல்ல ஊர். சொக்கா என்று ஒன்று உண்டு: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் துண்டு துண்டாகத் தருவார்கள். ஓரம் முறுகின அடை மாதிரி இருக்கும், சூடாகச் சாப்பிட வேண்டும். பூசணி இனத்துப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்ததும் கிடைக்கும். வெங்காயம் பரப்பிச் சுட்ட பிஸலாதியேர் என்ற ரொட்டி பார்க்கச் சைவம்போல இருக்கும், உள்ளே நெத்திலி ஜாதி மீன் இருக்கும். அந்த ஊர்ப் பேர் போட்ட சாலட்டிலும் அப்படித்தான். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். மீனும் வேண்டாம் என்று மகளை விட்டு பிரெஞ்சில் சொல்லச் சொல்லுங்கள்.

மதியம் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் பல அடுப்புகள் அணைந்துவிடும், ராத்திரி ஏழுக்குத்தான் திரும்ப எரியும். மதியம் அன்றைய சாப்பாடு என்று ஒரே விலையில் தருவதுதான் லாபம். கூர் சலேயா காய்கறிச் சந்தைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று பழம்பொருள் கடைகள்தான்.

பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம். கூஜாவில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம், சட்டமே உண்டு. டிப்ஸுக்கும் தவிக்காதீர்கள். சேவைக் கட்டணம் மெனு விலையிலேயே அடக்கம். மனசு நிறைந்தால் சில்லறையை மேஜையில் விட்டு வாருங்கள், போதும்.