பால் கொடுக்கும் தாய்க்கு எந்தத் துணி? தருமபுரி தையல் அக்காவிடம் சில கேள்விகள்

தருமபுரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கர்ப்பமாக இருக்கிற பெண்களும் பிள்ளை பெற்ற பெண்களும் நைட்டி, ஜாக்கெட், சுடிதார் தைக்க வரும்போது கேட்கிற சந்தேகங்கள்தான் இங்கேயும் வந்திருக்கின்றன. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். நடுராத்திரியிலும் குடிக்கும். துணியைத் திறக்க நேரமானாலோ, நாலு பேர் நடுவில் கூச்சமாக இருந்தாலோ, 'அப்புறம் கொடுத்துக்கலாம்' என்று தாய் தள்ளிப்போடுவாள். அப்படித் தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொள்ளும், குழந்தை அழுது அழுது களைத்துவிடும், வீட்டில் யாராவது பவுடர் பாலைக் கரைக்க ஆரம்பிப்பார்கள். அதனால் எந்தத் துணியானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் இதைத் திறந்து மூட முடியுமா?

பென்னாகரத்திலிருந்து: அக்கா, வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். இப்பவே என்னென்ன தைச்சு வைக்கணும்?

நைட்டிதான் முதலில். ஆறு இருந்தால் சமாளிக்கலாம். பால் கசியும், குழந்தை கக்கும், மூத்திரம் போகும். ஒரே நாளில் மூன்று மாற்ற வேண்டி வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால் துணி சீக்கிரம் காயாது, இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்.

கடையில் தொங்குகிற நைட்டிகளில் பாதிக்கு மேல் நடுவில் ஒரே ஜிப்தான். அதில் பால் கொடுக்க முடியும், ஆனால் இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். பார்க்க ஆள் வந்தால் துண்டு தேட வேண்டியிருக்கும். நான் தைப்பது வேறு மாதிரி. மார்பின் இரண்டு பக்கமும் நெட்டாக ஒவ்வொரு ஜிப், 8 அல்லது 9 அங்குலம், தோளிலிருந்து நாலைந்து விரல் கீழே ஆரம்பிக்கும். எந்தப் பக்கம் கொடுக்கிறாயோ அந்தப் பக்கம் மட்டும் திறந்தால் போதும். தையல்காரரிடம் 'மார்பு வழியாக மேலிருந்து கீழே இறங்குகிற பிரின்சஸ் கட் தையல் போட்டு அந்தத் தையலுக்குள்ளேயே ஜிப் மறையட்டும்' என்று சொல், புரிந்துகொள்வார்.

ஜிப் நைலானாக இருக்கட்டும். இரும்புப் பல் ஜிப் குழந்தை கன்னத்தில் உரசும், வெயிலில் சுடவும் செய்யும். ஜிப்புக்கு உள்பக்கம் ஒரு பட்டி வைத்துத் தைக்கச் சொல், அப்போதுதான் உன் தோலும் மாட்டாது. பட்டன் அழகாக இருக்கும். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் காஜாவைத் தேடிப் பட்டன் போடுவது பெரிய வேலை. அழுத்தினால் மூடிக்கொள்கிற டிச் பட்டன் பரவாயில்லை.

துணி காட்டன்தான். மல் மெல்லிசு, நம் ஊர் சித்திரை வெயிலுக்கு நல்லது. உள்ளே தெரியும் என்று தோன்றினால் மேல்பாதிக்கு மட்டும் இரட்டைத் துணி வைக்கலாம். தைப்பதற்கு முன் துணியை ஒரு ராத்திரி நனைத்துக் காயவைத்துக் கொடு, இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கும். தைத்து வந்த பிறகும் ஒரு முறை அலசிவிட்டு உடுத்து. புதுத் துணியின் கஞ்சியும் சாயமும் குழந்தை வாய்க்குப் போக வேண்டாம்.

அரூரிலிருந்து: எங்க மாமியார் வீட்ல புடவைதான் கட்டணும். ஜாக்கெட்டோட பால் கொடுக்கிறது கஷ்டமா இருக்குமா?

கஷ்டமே இல்லை. சொல்லப்போனால் புடவை மாதிரி வசதி வேறு எதிலும் இல்லை. முந்தானை இருக்கிறது, தனியாகப் போர்வை தேட வேண்டாம். தகராறு வருவது ஜாக்கெட்டால்தான்.

பின்பக்கக் கொக்கி, உள்ளே வைத்துத் தைக்கிற பேடு, இறுக்கமான கை, இந்த மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். முன்பக்கக் கொக்கி வைத்த சாதா ஜாக்கெட், ரூபியா போன்ற காட்டன் துணியில். கொக்கியை மேலிருந்து அவிழ்க்காதே, கீழிருந்து இரண்டு மூன்று மட்டும் அவிழ்த்துத் துணியை மேலே தூக்கு. மேல்கொக்கி போட்டபடியே இருக்கும், மானமாகவும் இருக்கும். பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல். பால் ஊறும் மாதங்களில் பிரித்துப் பெரிதாக்கலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன் தைத்த ஜாக்கெட்டை மூச்சுப் பிடித்து மாட்டாதே.

ஊக்கு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். தோளில் மடிப்புக்குக் குத்துகிற ஊக்கு, தாலிச் சரட்டில் அவசரத்துக்கு மாட்டி வைக்கிற ஊக்கு, இரண்டையும் கழற்றி வை. பால் குடிக்கும்போது குழந்தையின் கை சும்மா இருக்காது, சரட்டைப் பிடித்துத்தான் இழுக்கும். திறந்துகொண்ட ஊக்கு கண்ணருகில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

ஆபரேஷன் பிரசவம் என்றால் பாவாடை நாடா தையல் போட்ட இடத்தில் அழுத்தும். சில வாரம் நைட்டியிலேயே இருக்க விடுங்கள் என்று மாமியாரிடம் டாக்டரையே சொல்லச் சொல். புடவைதான் என்றால், தழும்புக்கு நன்றாக மேலே, தொப்புளை ஒட்டி, அகலமான பட்டி வைத்த பாவாடையைத் தளர்வாகக் கட்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து: பிரா போடலாமா, கூடாதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

போடலாம், போடாமலும் இருக்கலாம். உனக்கு எது சுகமோ அது. பாரம் தாங்காமல் வலித்தால் போடு. ஆனால் இறுக்கம் கூடாது, கம்பி வைத்தது வேண்டாம். ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் பால் தேங்கிக் கட்டியாகும்.

பிரசவமான இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் பால் நிறைய ஊறி மார்பு பெரிதாகும், கனக்கும். அதனால் ஆறாம் மாதத்திலேயே அளவெடுத்து வாங்கினால் பணம் வீண். கடைசி மாதத்தில் இரண்டு மட்டும், கப் கொஞ்சம் தளர்வாக வாங்கு. மிச்சத்தைக் குழந்தை பிறந்து சில வாரம் கழித்து வாங்கலாம். பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஃபீடிங் பிராவில் மேல் கொக்கியை எடுத்தால் கப் முழுசாகக் கீழே இறங்குகிற மாதிரி பார். சிறிய ஓட்டை மட்டும் விட்டிருந்தால் அதன் விளிம்பே அழுத்தும். கழற்றின பிறகு தோலில் ஆழமாகத் தடம் தெரிந்தால் அந்த அளவு உனக்குச் சின்னது.

மார்பில் ஒரு இடம் சிவந்து, சூடாகி, வலியோடு காய்ச்சலும் வந்தால் துணியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. போகும்வரை அந்தப் பக்கமும் பால் கொடுத்துக்கொண்டே இரு, நிறுத்தாதே.

பாலக்கோட்டிலிருந்து: தனியார் பள்ளியில் டீச்சரா இருக்கேன். வகுப்புல நிக்கும்போதே பால் கசிஞ்சு துணி நனையுது. அழுகையா வருது.

அழாதேம்மா. வேறு யார் குழந்தை அழுதாலும், உன் குழந்தையை நினைத்தாலுமே பால் சுரக்கும். உடம்பு சரியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

பழைய காட்டன் வேட்டி ஒன்றை எடு. நாலரை அங்குல வட்டமாக ஐந்தாறு அடுக்கு வெட்டி ஓரம் தைத்துக்கொள். ஒரு டஜன் செய்து வை. பிராவுக்குள் வைத்துக்கொண்டு நனைந்ததும் மாற்று. ஈரத்தோடு விட்டால் காம்பு புண்ணாகும். உள்ளே பிளாஸ்டிக் வைத்த பேடு நனைவது வெளியே தெரியாமல் காக்கும், ஆனால் காற்றுப் புகாது, நாள் முழுக்க வைக்காதே. பள்ளிக்குப் பூப்போட்ட, அடர்ந்த நிறப் புடவையாகக் கட்டு. வெளிர் நிறத்தில்தான் ஈரம் பளிச்சென்று தெரியும். சுரக்கிற மாதிரி இருந்தால் கையைக் குறுக்கே கட்டி உள்ளங்கையால் மார்பை லேசாக அழுத்து, கொஞ்ச நேரத்தில் நிற்கும்.

ஓசூரிலிருந்து: கம்பெனியில ஷிஃப்ட் வேலை. யூனிஃபார்ம் சட்டை, மேல ஒரு கோட்டு. திரும்ப வேலைக்குப் போகணும்.

உனக்கு முதலில் தெரிய வேண்டியது சட்டம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுப்பதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளை உனக்கு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், அங்கே நாளுக்கு நாலு முறை போய்வர விட வேண்டும். பயப்படாமல் எச்.ஆரிடம் எழுதிக் கேள்.

யூனிஃபார்மை வெட்ட முடியாது, உள்ளே போடுவதை மாற்றலாம். ஒரு பழைய காட்டன் பனியனில் மார்பு வரும் இரண்டு இடத்திலும் துணியை வட்டமாக வெட்டி ஓரம் அடித்துக்கொள். அதன்மேல் ஃபீடிங் பிராவோ தளர்வான பிராவோ போட்டு, அதற்கு மேல் சட்டை. பால் கொடுக்கவோ பீய்ச்சவோ சட்டையைக் கீழிருந்து தூக்கினால் போதும், வயிறும் முதுகும் பனியனுக்குள் மூடியே இருக்கும். சுடிதார் டாப்புக்கும் இதே வழிதான். புது ஃபீடிங் குர்த்தி வாங்கக் காசில்லை என்கிற எல்லாருக்கும் நான் சொல்வது இந்தப் பனியனைத்தான்.

ஓசூரிலிருந்தே இன்னொருவர்: பெங்களூருக்கும் சேலத்துக்கும் பஸ்ல போக வேண்டியிருக்கு.

ஜன்னலோர இருக்கை, துப்பட்டா, முன்னால் சொன்ன பனியன். 2015-ல் தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தார்கள், இறங்கினால் கேட்டுப் போ. போர்த்துகிற துணி மல் துணியாக இருக்கட்டும். தடித்த துணியால் குழந்தை தலையை முழுசாக மூடினால் வேர்த்து, மூச்சு முட்டும். உன் தோளையும் மார்பின் மேல்பக்கத்தையும் மூடு, குழந்தையின் முகத்துக்குக் காற்று வரட்டும்.

காரிமங்கலத்திலிருந்து: தம்பி கல்யாணம். மூணு மாசக் கைக்குழந்தை. பட்டுப் புடவை கட்டலாமா?

கட்டு, ஆசையாகக் கட்டு. ஜாக்கெட்டுக்கு முன்பக்கக் கொக்கி, உள்ளே காட்டன் லைனிங். மார்புப் பக்கம் கல், மணி, ஜமிக்கி வேலை வேண்டாம். குழந்தை கன்னத்தைக் கீறும், பிய்ந்தால் வாய்க்குள் போகும். சரிகைக் கரை முகத்தில் படாமல் நடுவில் ஒரு மெல்லிய துண்டு விரித்துக்கொள். முகூர்த்தம் முடிந்ததும் மாற்ற ஒரு காட்டன் புடவை பையில் இருக்கட்டும். மண்டபத்தில் மணமகள் அறைக்குப் பக்கத்தில் ஒரு அறையை முன்னாலேயே கேட்டு வாங்கி வைக்கச் சொல்.

ஒரு கணவர்: அக்கா, பர்கூர் போய் என் மனைவிக்கு நைட்டித் துணி மொத்தமா வாங்கலாம்னு இருக்கேன். எப்படிப் பார்த்து வாங்கறது?

நல்ல காரியம் தம்பி. பர்கூரில் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்க்கலாம். துணியைக் கைக்குள் கசக்கி விடுங்கள். காட்டன் சுருங்கி நிற்கும், பாலியஸ்டர் பழையபடி விரிந்துகொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி வந்து, வீட்டில் ஓரத்து நூலைக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ரேயான் வழுவழுப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். உடுத்தலாம், ஆனால் ஈரத்தில் வலு குறையும், முறுக்கிப் பிழியக் கூடாது. நிறத்தை மட்டும் உங்கள் மனைவியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளை பெற்றவளுக்கும் பிடித்த நிறம் என்று ஒன்று இருக்கும்.

நல்லம்பள்ளியிலிருந்து ஒரு மாமியார்: மருமவளுக்கு வயித்துல துணி சுத்திக் கட்டணும்ல? கட்டலைன்னா வயிறு தொங்கிடும்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது.

அம்மா, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. சுகப்பிரசவம் என்றால் பழைய காட்டன் புடவையை மிதமாகச் சுற்றிக் கட்டலாம், இடுப்புக்குத் தெம்பாக இருக்கும். ஆபரேஷன் என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வயிறு உள்ளே போக மாதங்கள் ஆகும், கட்டினால் மட்டும் போய்விடாது. கட்டு மேலேறி மார்பின் அடிப்பக்கத்தை இறுக்கக் கூடாது, மூச்சு வாங்கும், பாலும் தேங்கும். உட்கார்ந்து குனிந்து பால் கொடுக்க வலிக்கிறது என்று அந்தப் பிள்ளை சொன்னால் அவிழ்த்துவிடுங்கள்.

தளியிலிருந்து: இங்க குளிர் ஜாஸ்தி. மார்கழியில எப்படி?

தலை வழியாக மாட்டுகிற ஸ்வெட்டர் வேண்டாம், முன்னால் திறக்கிறதாகப் போடு. குழந்தைக்கு நாலு சட்டை போட்டு மூட்டை கட்டுவதைவிட, ஒரு சட்டையோடு உன் மார்போடு அணைத்து மேலே சால்வை போர்த்தினால் உன் உடம்புச் சூடே அதற்குப் போதும்.

தருமபுரியிலிருந்து: இந்தத் துணியெல்லாம் எவ்வளவு நாளைக்குத் தேவைப்படும்? அதுக்கப்புறம் வீண்தானே?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம் என்று சேர்த்துக்கொண்டே இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். அவ்வளவு காலம் உடுத்துகிற துணி எப்படி வீணாகும்? பிறகு ஜிப் ஓடாவிட்டால் அந்த இடத்தைத் தைத்து மூடிவிட்டுச் சாதா நைட்டியாகப் போடு. நன்றாக இருப்பதைத் துவைத்துத் தங்கச்சிக்கோ நாத்தனாருக்கோ எடுத்து வை. நைந்துபோனதை வெட்டி அடுத்த குழந்தைக்குத் துடைக்கிற துணியாக்கு. ஜிப்பையும் பிரித்து எடுத்து வை, அடுத்த நைட்டிக்கு ஆகும்.