1,850 ரூபாயும் கழுவுன டம்ளரும்

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. போன வருஷம் சர்ச் அறுப்புப் பண்டிகைல சாப்பாட்டு ஸ்டால் கணக்கு நான்தான் பாத்தேன், 1,850 ரூபா குறையுதுன்னு என் ஓரகத்தி பெண்கள் ஐக்கியத்துல நாலு பேரு முன்னாடி சொல்லிட்டாங்க. அப்பறம் கேஸ் சிலிண்டர் பில்லு கெடைச்சு கணக்கு டேலி ஆயிடுச்சு, ஆனா அவங்க ஒரு சாரி கூட சொல்லல. மன்னிச்சிட்டேன்னு ஜெபத்துல சொல்றேன், அவங்க முன் பெஞ்சுல வந்து உக்காந்தா பத்திகிட்டு வருது. கூட்டம் முடிஞ்சா டம்ளர் கழுவுறது நான்தான், வாயத் தொறக்காம செய்றேன். நான் மன்னிச்சேனா இல்லியா?
ஒரு சகோதரி, காட்பாடி

பதில்: ஸ்தோத்திரம்மா. தொகைய அம்பது ரூபா வரைக்கும் கரெக்டா எழுதிருக்க பாரு, படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு, கோச்சிக்காத. ஞாபகம் வெச்சிருந்தா மன்னிக்கலன்னு அர்த்தம்னு நம்ம ஜனங்க சொல்லிகினு இருப்பாங்க. பைபிள்ல மத்தேயு 18ல இயேசு சொல்ற கதைல அப்படி இல்லியே, ராஜா மொதல்ல கணக்குதான் பாக்குறாரு, ஒரு வேலக்காரன் பதினாயிரம் தாலந்து பாக்கின்னு தெரிஞ்சுதான் கடனத் தள்ளுபடி பண்றாரு. ஒரு தாலந்துன்னா சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் அன்னிக்கு ஒரு நாள் கூலி, அப்ப மொத்தம் 6 கோடி நாள் கூலி, 1,60,000 வருஷம் ஒழைச்சாலும் அடையாது. தள்ளுபடி ஆன அந்த வேலக்காரனுக்கு இன்னொரு வேலக்காரன் தர வேண்டியது 100 வெள்ளிப்பணம், அத அவன் விட்டுக்குடுக்கல. பிரசங்கத்துல இத ஏதோ சில்லறக் காசு மாதிரி சொல்லிட்டுப் போவாங்க, எனக்கு அது ஒத்துக்கல, மூணு மாசத்துக்கு மேல கூலிம்மா அது, ஒரு வீட்டு அடுப்பு எரிய வேண்டிய பணம். உனக்கு வலிச்சதும் நெஜம்தான். அடுத்த வருஷம் கணக்குல ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னு கேளு, அது மன்னிக்காத புத்தி இல்ல.

அந்த டம்ளர்தான் எனக்கு ஒதைக்குது. கழுவும்போது அவங்க பாக்குறாங்களான்னு ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தியா? நான் பாத்திருக்கேன், அதான் கேக்குறேன். ஊழியம் கொள்ள இல்ல ஊழியம் செய்யங்கற மாற்கு 10:45தான் நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட வாசகமே, 1900ல ஒரே ஒரு கட்டிலோட ஐடா ஸ்கடர் அம்மா ஆரம்பிச்ச எடம் அது, வேலூர்க்காரங்க நமக்கு இதெல்லாம் மனப்பாடம், மனப்பாடமா போனதுதான் கஷ்டமே.

எனக்கும் என் நாத்தனாருக்கும் வீட்டுப் பாகத்துல தகராறு, 9 வருஷம் பேச்சு இல்ல. அவங்களுக்கு மூட்டு ஆபரேஷன், கூட இருக்க ஆள் இல்லன்னு ராணிப்பேட்டைல இருந்து போன் வந்துது, போனேன், போகும்போது பஸ்ஸுல பெருந்தன்மையா நாலு டயலாக் கூட ரெடி பண்ணிட்டுதான் போனேன். மொத நாள் பெட்பேன் எடுக்கும்போது என் மூஞ்சி கோணிடுச்சு, அத அவங்க பாத்துட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. டயலாக் எல்லாம் அதோட போச்சு. மூணாம் நாள் காலைல பிளாஸ்க்ல இருந்து காபி ஊத்திக் குடுத்தேன், ஒரு வாய் குடிச்சிட்டு "சக்கர கம்மி"ன்னாங்க. 9 வருஷத்துல மொத வார்த்தை. நானும் ஒண்ணும் சொல்லல, கீழ போயி சக்கர வாங்கிட்டு வந்தேன். சாரி ரெண்டு பேருமே கேக்கல, பாகம் இன்னும் வக்கீல்கிட்டதான் கெடக்கு, ஆனா கிறிஸ்மஸுக்கு பலகாரம் வருது போகுது.

உன் ஓரகத்திக்கு நீ இன்னும் உள்ளுக்குள்ளயே புழுங்குறது தெரியுமோ தெரியாதோ. அதே 18ம் அதிகாரத்துல நீயும் அவனும் தனியா இருக்கும்போது போயி சொல்லுன்னு இருக்கு, அதனால பாஸ்டரோட சம்சாரம் ஐயரம்மாவ கூட்டிட்டுப் போகாத, ஒரு சாயங்காலம் நீ மட்டும் போ, "அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுதுக்கா"ன்னு மட்டும் சொல்லு. அவங்க மழுப்புனாலும் டீ குடுத்தா குடிச்சிட்டு வா. அந்த சிலிண்டர் பில்ல மட்டும் பைல எடுத்துட்டுப் போயிடாத.