கணினிக் கேள்வி பதில்: ‘உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?’

மென்பொருள் பற்றிக் கேளுங்கள் என்றால், மென்பொருளுக்காக யார் யாரைத் திட்டினார்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். சரி, இந்த மாதம் அதையே பார்த்துவிடுவோம்.

கேள்வி: அண்ணே, நான் டேட்டாபேஸ் வேலையில் இருக்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழ் ஐடி ஆட்களுக்கு ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொன்றுக்கு மாறிய பிறகு மாதக் கடைசி அறிக்கைகள் எவ்வளவு வேகமாக வருகின்றன என்று அதில் எண்களோடு போட்டேன். உடனே ஒருவர் ‘உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?’ என்றார். இன்னொருவர் என் லிங்க்ட்இன்னைத் தோண்டி, நான் வேலை பார்க்கும் கம்பெனி போஸ்ட்கிரெஸ் சப்போர்ட் விற்கிற கம்பெனி என்று ஸ்கிரீன்ஷாட் போட்டார். அது உண்மைதான். ஆனால் நான் போட்ட எண்ணும் உண்மைதானே? – பொங்கோல் வாசகர்

பதில்: தம்பி, கம்பெனி விஷயத்தை நீங்களே முதல் வரியில் சொல்லியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு வேலையே இருந்திருக்காது. நீங்கள் மறைக்க நினைக்கவில்லை என்று நம்புகிறேன், ஆனால் அடுத்தவர் கண்டுபிடித்துச் சொன்னால் அது மறைத்ததாகத்தான் தெரியும். உங்கள் பக்கக் குறை அவ்வளவுதான். அவர்கள் பக்கம் அதைவிடப் பெரிய குறை இருக்கிறது: குழுவில் இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட உங்கள் எண்ணைச் சோதித்துப் பார்க்கவில்லையே!

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற சோதனை நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு பிராசசர் கொண்ட ஒரே சர்வரில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் ஓட்டிப் பார்த்ததாகவும், கோப்புகளைப் பரிமாறுவதில் என்டி 2.5 மடங்கு, வலைப்பக்கம் கொடுப்பதில் 3.7 மடங்கு வேகம் என்றும் அதில் இருந்தது. காசு கொடுத்தது மைக்ரோசாஃப்ட். லினக்ஸ்காரர்கள் கொதித்தார்கள். என்டியை நன்றாக முடுக்கிவிட்டு லினக்ஸை அரைகுறையாக நிறுவியிருக்கிறார்கள் என்றார்கள், அதில் நியாயமும் இருந்தது. அப்புறம் ஜூனில், லினக்ஸ் விற்கிற ரெட் ஹாட் கம்பெனி ஆட்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பத்திரிகையின் சோதனைக்கூடத்தில் மறுபடி ஓட்டினார்கள். இடைவெளி குறைந்தது, ஆனால் என்டிதான் முந்தியது. அதாவது ஒருதலைப்பட்சம் என்ற குற்றச்சாட்டும் சரி, தோற்றது லினக்ஸ்தான் என்பதும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது சண்டை போடுகிறவர்களுக்கு ஏனோ உறைப்பதே இல்லை.

காரணம் எளிது. அப்போதைய லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் நெட்வொர்க் பகுதி முழுக்க ஒரே பூட்டுக்குள் இருந்தது. ஒரு பிராசசர் உள்ளே போனால் மற்ற மூன்றும் வாசலில் நிற்க வேண்டும். கெர்னல் எழுதுகிறவர்களில் சிலர் திட்டுவதை நிறுத்திவிட்டு இந்தப் பூட்டைக் கவனித்தார்கள், 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் அந்தத் தடை நீங்கியது. எதிராளி காசு கொடுத்து நடத்திய சோதனையால் லினக்ஸுக்குக் கிடைத்த லாபம் அது.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டுமே நிறுவியவுடன் தரவுக்கான நினைவகத்துக்கு வெறும் 128 எம்பிதான் எடுத்துக்கொள்ளும், நாமாக மாற்றினால்தான் உண்டு. பழையதை அந்த 128இலேயே விட்டுவிட்டுப் புதியதை மட்டும் சரிசெய்திருந்தால், அது உங்கள் கைத்திறனின் வேகமே தவிர போஸ்ட்கிரெஸின் வேகம் இல்லை. அதோடு, மாறும்போது எல்லாரும் தரவைக் கேட்கும் வினவல்களைத் திருத்தி எழுதுவார்கள், தேடலை வேகமாக்கும் புது இண்டெக்ஸ் போடுவார்கள், பெரும்பாலும் இயந்திரமே புதிதாக இருக்கும். இவற்றையெல்லாம் பழைய டேட்டாபேஸுக்கே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைச் சோதித்தீர்களா? இரண்டு பக்க அமைப்புகளையும் அட்டவணையின் அளவையும் வினவலையும் அப்படியே குழுவில் போடுங்கள், மேலே ‘நான் போஸ்ட்கிரெஸ் விற்கிற கம்பெனி ஆள்’ என்று எழுதுங்கள். அதற்குப் பிறகும் ‘எவ்வளவு கொடுத்தார்கள்’ என்று கேட்கிறவரிடம், ஓட்டிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: சார், நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவி. நிரலை எல்லாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு முதல் முறையாகத் திருத்தம் அனுப்பினேன். ‘குப்பை, படித்துவிட்டு வா’ என்று ஒருவர் பதில் போட்டார். இப்படிப் பேசலாமா என்று கேட்டதற்கு ‘லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே இப்படித்தான் பேசுவார், தாங்க முடிந்தால் இரு’ என்றார். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று அப்பாவும் சொல்கிறார். – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அப்பா சொல்வது இருக்கட்டும், அந்தக் கையில் மோதிரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திட்டினவர் அந்தத் திட்டத்தைப் பராமரிக்கிறவரா, இல்லை சும்மா வேடிக்கை பார்க்கிற ஆளா? திட்டத்தின் வரலாற்றுப் பக்கத்தில் அவர் பெயரில் எத்தனை திருத்தம் இருக்கிறது என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பல நேரம் ஒன்றுகூட இருக்காது.

டோர்வால்ட்ஸை இழுத்தவருக்கு மீதிக் கதை தெரியவில்லை. 2018 செப்டம்பரில் அவரே, தன் பேச்சு மற்றவர்களைப் புண்படுத்தியிருக்கிறது என்று எழுதி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொஞ்ச காலம் விலகி இருந்தார். லினக்ஸ் கெர்னலுக்கு நடத்தை விதிகளும் அந்த மாதமே வந்தன. அவர் செய்ததை உதாரணம் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக் காட்டட்டும்.

அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். 1992 ஜனவரியில் ஆண்ட்ரூ டனன்பாம் என்ற பேராசிரியர், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று பொதுவில் எழுதினார். கெர்னல் என்பது மிகச் சின்னதாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது என்பது அவர் கட்சி. என் மாணவனாக இருந்தால் இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைக்காது என்றும் சொன்னார். அப்போது டோர்வால்ட்ஸுக்கு 22 வயது. காரசாரமாகப் பதில் எழுதிவிட்டு, பிறகு அந்தத் தொனிக்காக வருத்தம் தெரிவித்தார், வடிவமைப்பில் மட்டும் அசையவில்லை. 2004இல் லினக்ஸ் என்பது டனன்பாம் எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பார்த்துத் திருடியது என்று ஒருவர் புத்தகம் எழுதக் கிளம்பியபோது, இல்லை, அது டோர்வால்ட்ஸே எழுதியது என்று முன்னால் வந்து சொன்னவர் யார் தெரியுமா? அதே டனன்பாம். வடிவமைப்பு பற்றிய அவர் கருத்து அப்போதும் மாறவில்லை!

டனன்பாமின் கடுமையில் வடிவமைப்பு பற்றி ஒரு வாதம் இருந்தது. உங்களுக்கு வந்த ‘குப்பை’யில் என்ன இருக்கிறது? எந்த வரியில் குறை என்று ஒருமுறை கேளுங்கள். பதில் வந்தால் திருத்துங்கள், வராவிட்டால் வேறு திட்டம் பாருங்கள்.

கேள்வி: நான் தமிழ்99 விசைப்பலகை, என் மச்சான் ‘ammaa’ பாணியில் ஆங்கில எழுத்தைத் தட்டி ‘அம்மா’ வரவைக்கிறவர். உங்களுக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று குடும்ப வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன், தீபாவளிக்கு அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. – தெம்பனிஸ் வாசகர்

பதில்: இரண்டிலும் வெளியே வருவது ஒரே எழுத்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில். 1997இல் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூட்டிய காலத்தில், ஆளுக்கொரு குறியீடு இருந்ததால் ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் வாசிக்கவே முடியாது, அன்றைக்குச் சண்டை போட்டதில் அர்த்தம் இருந்தது. இப்போது மச்சானுக்கு போன் போடுங்கள்.

கேள்வி: நான் ஓய்வு நேரத்தில் ஓர் இலவச நிரல்தொகுப்பைப் பராமரிக்கிறேன், இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. ‘சோம்பேறி, முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு’ என்று ஒரு கூட்டம் விடாமல் எழுதுகிறது. கொடுத்துவிடலாமா? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளைத் தனியாளாகப் பராமரித்தவரை 2022இல் இப்படித்தான் சில கணக்குகள் நச்சரித்தன. மனநிலை சரியில்லை என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை. அந்தக் கணக்குகள் போலி என்றே பரவலாகக் கருதப்படுகிறது. உதவ வந்தவர்போலப் பக்கத்தில் நின்ற ஒருவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு போனது, அந்த ஆள் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் களவு வாசல் வைத்துவிட்டார். 2024 மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர். சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று குடைந்து பார்த்திருக்கிறார். (பொங்கோல் தம்பி, அவர் சம்பளம் வாங்குவது மைக்ரோசாஃப்டில்.)

உங்களைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் சதிகாரர்கள் இல்லை, பெரும்பாலானவர்கள் வெறும் அவசரக்காரர்கள். ஆனால் கணக்கு எப்போது தொடங்கியது, வேறு எங்காவது எதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘மாதம் ஒருமுறைதான் பார்ப்பேன்’ என்று முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், பிள்ளைகள் தூங்கின பிறகு நேரம் கிடைத்தால் பாருங்கள்.

கேள்வி: ஐபோன், ஆண்ட்ராய்டு வாக்குவாதத்தில் ஒருவர் என் புளோக் எண்ணையும் வேலை பார்க்கும் இடத்தையும் போட்டு ‘போய்க் கவனியுங்கள்’ என்று எழுதிவிட்டார். அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று எனக்கும் தெரியும். – ஈசூன் வாசகர்

பதில்: இது இனி வாக்குவாதம் இல்லை. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இங்கே 2014இல் வந்தது. ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 முதல் குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அடிதடிக்குத் தூண்டும் நோக்கம் இருந்தால் தண்டனை இன்னும் கூடும். நாளும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். பதிவை நீக்கச் சொல்லி உத்தரவு வேண்டுமென்றால் அதற்கென்றே 2021 ஜூன் முதல் தனி நீதிமன்றம் இருக்கிறது. குழுவில் பதில் எதுவும் போடாதீர்கள். அவர் வேலை பார்க்கும் இடத்தைப் போட்டீர்களானால் அதே சட்டம் உங்கள் மேலும் பாயும்.