மதுக்கூடத்து அழுகை

கேள்வி: மெக்சிகோவின் மரபான ரான்சேரா பாடல்களில் காதலி கைவிடுவதும் காதலன் குடித்துப் புலம்புவதுமே திரும்பத் திரும்ப வருகின்றன. குடியைப் பெருமைப்படுத்தும் இவற்றைக் கலை என்று கொண்டாடத்தான் வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கொண்டாடத்தான் வேண்டும். பாட்டில் மது வருகிறது என்பதாலேயே அது மதுவுக்குப் பரிந்து பேசுகிறது என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

இவ்வகையின் தலைசிறந்த பாடலாசிரியர் ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமேனெஸ். அவருடைய ஒரு பாடலில், காதலியிடம் கெஞ்சிச் சலித்த ஒருவன், மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தார் வழக்கப்படி மரியாச்சி என்னும் வாத்தியக் குழுவின் இசையிலும் டெக்கீலா மதுவிலும் அவளை மறந்துவிடலாம் என்று போகிறான். அந்த இசையும் அந்த மதுவுமே அவனை அழவைத்துவிடுகின்றன. இன்னொரு பாடலில், மதுக்கூடத்தின் மூலையில் அமர்ந்து, தானே கேட்டுப் பாடச் சொன்ன பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, டெக்கீலாவை ஊற்றும்போதே நினைவு அவளை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. மறதிக்காக நாடிய மது பாட்டுக்குள்ளேயே தோற்றுப்போவதைப் பெருமைப்படுத்தல் என்று எப்படிச் சொல்வது?

அழுவது ஆணுக்கு இழுக்கு என்று சொல்லி வளர்க்கப்பட்டவன், நாலு பேர் நடுவே வாய்விட்டு அழ இந்தப் பாடல்களே இடம் கொடுத்தன. பாட்டின் நடுவே கேட்பவர்கள் நீளமாக எழுப்பும் கூவலைக் கவனியுங்கள். அது சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடிவதுபோல ஒலிக்கும்.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாமல், மெட்டுகளை வாயாலேயே இசையமைப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேதை ஹிமேனெஸ், 1973இல் 47ஆம் வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். அந்த இழப்பு இன்றும் மனத்தை வருத்துகிறது. ஆனால், அதற்குப் பாட்டைக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது.

அவருடைய தோழியும் குடித்துணையுமான பாடகி சவேலா வர்காஸைப் பாருங்கள். பெண்ணை எண்ணி ஆண் பாடும் பாடல்களை ஒரு சொல்லும் மாற்றாமல், மரியாச்சிக் குழுவை விலக்கிவிட்டுக் கிதார் துணையோடு பாடியவர் அவர். குடியால் பல ஆண்டுகள் மேடையை இழந்து, அதிலிருந்து மீண்டு, 1990களின் தொடக்கத்தில் திரும்பி வந்தபோதும் அவர் வேறு பாடல்களைத் தேடிக்கொள்ளவில்லை. ஒரு புட்டியைச் சேர்ந்து குடித்து, கடைசி மடக்கோடு புறப்பட்டுவிடலாம் என்று சொல்லும் ஹிமேனெஸின் பாடலை, ஸ்பானிய இயக்குநர் பெட்ரோ அல்மோதோவாரின் 1995ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றில் அவர் பாடுகிறார். முதலில் அதைக் கேளுங்கள். அது குடிக்க அழைக்கிறதா என்று பிறகு எனக்கு எழுதுங்கள்.