மார்கழிப் பனிக்குப் பிளம் கேக்கும் ரஸ்க்கும்: பேக்கரி பற்றி வாசகர் கேட்டவை

மழை ஓய்ந்து காலையில் பனி இறங்க ஆரம்பித்ததும், வேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் பேக்கரியைப் பற்றித்தான் இருக்கின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, நடுவில் ஐயப்பன் மாலை, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து தங்கியிருப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. குடும்பமாக நடத்தும் சின்னக் கடைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருமுனை பேக்கரியில் பிளம் கேக் கிலோ 480 ரூபாய். கொஞ்சம் தள்ளி அப்பாவும் மகனும் சேர்ந்து நடத்தும் கடையில் அதுவே 900 ரூபாய். இரண்டும் பார்க்க ஒரே கறுப்பு. எதுக்கு இவ்வளவு வித்தியாசம், ஏமாற்றுகிறார்களா? (சத்துவாச்சாரி)

பதில்: ஏமாற்று என்று உடனே சொல்லிவிட முடியாது அம்மா, கேக்கை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிளம் கேக்கின் விலை முழுக்க உள்ளே போடும் பழத்திலும் கொழுப்பிலும் இருக்கிறது. உலர் திராட்சை, கறுப்பு திராட்சை, பேரீச்சை, முந்திரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்து வாரக்கணக்கில் ஊறவைத்துச் செய்யும் கேக்குக்கு அடக்கவிலையே அதிகம். மலிவான கேக்கில் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக் காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. செர்ரி என்று நினைத்துச் சாப்பிடுவதும் பல நேரம் சாயப் பாகில் போட்ட களாக்காய்தான். இவை கெட்ட பொருட்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அதற்குத் திராட்சை, முந்திரியின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

கறுப்பு நிறத்தை நம்பாதீர்கள். நல்ல கேக்கில் அந்த நிறம், சர்க்கரையைக் கசப்பு தட்டுகிற அளவுக்குக் கருக்கி வெந்நீர் ஊற்றி எடுக்கும் கேரமல் பாகிலிருந்து வரும், நாக்கில் லேசான கசப்பு நிற்கும். அந்தக் கசப்பே இல்லாமல் வெறும் இனிப்பாக இருந்தால் கோகோவோ கலரோ சேர்த்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். அடுத்தது கொழுப்பு. வெண்ணெய் வாய்ச் சூட்டிலேயே கரைந்துவிடும், வனஸ்பதி அதிகம் சேர்த்தது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். உணவில் உள்ள எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு, அதாவது வனஸ்பதி மாதிரியானவற்றில் வரும் இதயத்துக்குக் கெடுதலான கொழுப்பு, 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது, அதனால் "என்ன கொழுப்பு போடுறீங்க" என்று கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

இன்னொரு எளிய சோதனை: இரண்டு கடையிலும் அரைக் கிலோ கேக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழம் நிறைய போட்டது சின்னதாக, கையில் கனமாக இருக்கும். காற்று நிறைந்த ஸ்பாஞ்ச் பெரிதாகத் தெரியும். 900 ரூபாய் கடையும் பெரிதாக, பஞ்சு மாதிரி கொடுத்தால் விலையை மட்டும்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

இங்கேதான் குடும்பக் கடையின் அருமை தெரியும் என்பது என் எண்ணம். பாக்கெட் கேக்கிடம் கேள்வி கேட்க முடியாது, மாவு பிசைந்தவரே கல்லாவில் நிற்கும் கடையில் கேட்கலாம். "பழம் எப்போ ஊறப்போட்டீங்க?" என்று கேளுங்கள். ஆயுத பூஜை முடிந்ததும் போட்டோம், ஜாடியைப் பார்க்கிறீர்களா என்று சிலர் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பதில் மழுப்பலாக வந்தால் 100 கிராம் மட்டும் வாங்கித் தின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார். பிள்ளைகள் கேக் கேட்டு அழுகிறார்கள். முட்டை இல்லாத கேக் என்று எழுதியிருந்தால் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரலாமா? (காட்பாடி)

பதில்: முட்டை இல்லை என்பது மட்டும் போதாது. பிளம் கேக் என்றால் பழத்தை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைத்திருப்பார்கள், அடுப்பில் வெந்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று கடையில் சொன்னாலும் முழுக்கப் போய்விடாது. திராட்சை ரசத்திலோ ஆரஞ்சு ரசத்திலோ ஊறவைப்பவர்களும் உண்டு. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் மது சேர்க்காத கேக்கை எதிர்பார்த்து வாங்கும் குடும்பங்கள் நிறைய இருப்பதால் இது புதிய கேள்வியும் இல்லை, தைரியமாகக் கேளுங்கள்.

பாக்கெட் போட்டதில் குறியைப் பாருங்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். நம் உணவுச் சட்டத்தில் முட்டையும் அசைவக் கணக்குதான், அதனால் முட்டை சேர்த்த கேக்கில் பழுப்பு முக்கோணம் இருந்தே ஆகவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டில் வைத்து வெட்டிக் கொடுக்கும் கேக்கின் மேல் எந்தக் குறியும் இருக்காது, அங்கே வாயால்தான் கேட்க வேண்டும். முட்டை அடித்த அதே பாத்திரத்தில் அடிக்கிறார்களா, அதே தட்டிலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பன், பப்ஸ் மேல் பளபளப்பு வர முட்டை தடவுவது பல கடைகளில் வழக்கம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பால் தடவியும் அந்தப் பளபளப்பைக் கொண்டுவரலாம், அதனால் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

முட்டையே உள்ளே வராத கடையில் வாங்குவதுதான் உங்களுக்கு நிம்மதி. ஐயங்கார் பேக்கரி என்று போர்டு இருந்தால் பெரும்பாலும் முட்டை இருக்காது, ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்கிறார்கள், அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மகர ஜோதி வரைக்கும் பிள்ளைகளுக்கு நெய் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட் என்று ஓட்டிவிடலாம், அதிலும் முட்டை இல்லையா என்று கேட்டுக்கொண்டு.

கேள்வி: அரைக் கிலோ பட்டர் பிஸ்கட் வாங்கினேன். வீட்டில் நிறுத்தால் 440 கிராம்தான். அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுத்திருக்கிறார்கள். கேட்டால் "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்கிறார்கள். (ராணிப்பேட்டை)

பதில்: எல்லாக் கடையிலும் நடந்தாலும் தப்பு தப்புதான். நீங்கள் பணம் கொடுப்பது பிஸ்கட்டுக்கு, பெட்டிக்கு இல்லை. காலிப் பெட்டியை முதலில் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம் பிஸ்கட்டைப் போடச் சொல்லுங்கள், அதற்கென்றே தராசில் ஒரு பட்டன் இருக்கிறது. மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், அந்தச் சான்றிதழ் கடையில் இருக்க வேண்டும். எடை குறைந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம்தான் புகார் போகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் சொல்லலாம்.

பக்கத்தில் ஆற்காடு இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கும்போது பாகை வடித்துவிட்டு நிறுத்துத் தரச் சொல்லுங்கள். பாகு ஊறின பேடாதான் ருசி, அதில் சந்தேகம் இல்லை, ஆனால் டப்பாவின் அடியில் தேங்கி நிற்கும் பாகுக்கு முந்திரி, கோவா விலை எதற்கு? பாகு தனியாக வேண்டுமென்றால் நிறுத்த பிறகு மேலே ஊற்றச் சொல்லலாம், தெரிந்த கடையில் மறுக்க மாட்டார்கள். உதிரியாக விற்கும் இனிப்புத் தட்டில் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் முதல் கட்டாயம், அந்த அட்டையையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: கேக் ஆர்டருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா? (வேலூர், தோட்டப்பாளையம்)

பதில்: சரியில்லை. கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். ரொட்டிக்கு வரியே கிடையாது. அதைவிட முக்கியம், பில்லில் 33 என்று ஆரம்பிக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத கடை வரி வசூலிக்கவே முடியாது. எண் இருந்தும் இணக்க வரி முறையில், அதாவது காம்பொசிஷனில் இருக்கும் சின்னக் கடைகளும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக்கூடாது, வரி வசூலிக்கும் உரிமை தங்களுக்கு இல்லை என்று பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். பில் போடும் மென்பொருளில் பழைய 18 சதவீதத்தை மாற்றாமல் விட்டிருக்கலாம், முதலில் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: போன வருடம் 31ஆம் தேதி இரவு கேக் வாங்கப் போனால் கூட்டம், பெயரைத் தப்பாக எழுதிக் கொடுத்தார்கள், மறுநாள் மதியத்துக்குள் கிரீம் புளித்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். இந்த முறை என்ன செய்வது? (குடியாத்தம்)

பதில்: அன்றைக்கு எந்த பேக்கரியும் தன் வழக்கமான தரத்தில் வேலை செய்ய முடியாது, அதைத் தெரிந்துகொண்டுதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். நாலைந்து பேர் இருக்கும் குடும்பக் கடையில் நூற்றுக்கணக்கில் கேக் கேட்டால் கிரீம் கேக்கை முன்கூட்டியே செய்து அடுக்கிவிடுவார்கள். ஃப்ரிட்ஜில் இடம் போதாமல் கொஞ்சம் வெளியே நிற்கும், அங்கேதான் கெடுகிறது. முன்பணம் கொடுக்கும்போதே எடை, முட்டையா இல்லையா, என்ன கிரீம், கேக் மேல் எழுத வேண்டிய பெயர், எத்தனை மணிக்கு எடுக்க வருவீர்கள் எல்லாம் எழுதின ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். சாயங்காலம் 5 மணிக்கே போய் எடுத்து வந்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மிச்சத்தை மறுநாள் காலைக்குள் முடித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் புத்தாண்டுக்குக் கிரீம் கேக்கே வேண்டாம். பிளம் கேக்கோ சாதா டீ கேக்கோ வாங்கினால் இந்தப் பிரச்சினை ஒன்றுமே இல்லை, ருசியும் குறையாது.

விற்ற பொருளுக்கு பில் கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வாங்கின பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை. ஒரு கேக்குக்காக அவ்வளவு தூரம் போவீர்களோ மாட்டீர்களோ, பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். கேக் கெட்டிருந்தால் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை, அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லலாம்.

கேள்வி: அப்பாவுக்கு சி.எம்.சி.யில் வைத்தியம், லாட்ஜில் தங்கியிருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காலையில் டீயோடு ஏதாவது கேட்கிறார். நல்ல பேக்கரி எது, சுகர் ஃப்ரீ ரஸ்க் கொடுக்கலாமா? (திருநெல்வேலி, இப்போது வேலூரில்)

பதில்: முதலில் அப்பா சீக்கிரம் குணமாகட்டும். அவருக்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வார்டில் உள்ள உணவு ஆலோசகரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், நான் சொல்லக்கூடாது. வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுகர் ஃப்ரீ என்று போட வேண்டுமென்றால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் ரஸ்க் மைதாதான், மைதாவும் உடம்பில் போய்ச் சர்க்கரையாகத்தானே மாறும்? கோதுமை ரொட்டி என்று விற்பதிலும் நிறத்தைப் பார்க்காதீர்கள், பழுப்பு நிறத்தைக் கேரமல் கலரிலும் கொண்டுவந்துவிடலாம். பாக்கெட்டில் பொருட்கள் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரவேண்டும், முதல் பெயர் மைதா என்றால் அது மைதா ரொட்டிதான்.

கடைப் பெயர் இங்கே சொல்வதில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்காமல் கொஞ்சம் உள் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு கடையிலும் ரொட்டி அடுப்பிலிருந்து எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று கேளுங்கள். நேரத்தை டக்கென்று சொல்கிற கடை, அங்கேயே சுடுகிற கடை. "வண்டி வரும்" என்றால் வேறெங்கோ சுட்டு வருவது. உள்ளூர்க்காரர்கள் பால் பாக்கெட்டோடு வந்து நிற்கும் கடையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பன்னைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மை உணவில் இறங்கும், அதற்குத் தடையும் இருக்கிறது.

கேள்வி: இந்தப் பனியில் ரஸ்க் ரெண்டு நாளில் நமுத்துப்போகிறது. பழையதைத் தலையில் கட்டுகிறார்களா? (வாணியம்பாடி)

பதில்: வாங்கின அன்றைக்கே நமுத்திருந்தால் கடைக்காரர் பொறுப்பு, மாற்றித் தரச் சொல்லுங்கள். ரெண்டு நாள் கழித்து என்றால் காற்றில் இருக்கும் ஈரம்தான் காரணம், ரஸ்க் அதைச் சுலபமாக இழுத்துக்கொள்ளும். கடையிலேயே ஒன்றை உடைத்துப் பாருங்கள், சத்தத்தோடு உடைய வேண்டும். வாசனையையும் பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் கொழுப்பு கெட்டது, அது பழைய சரக்கு. வீட்டில் எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள், நமுத்ததை எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சின்னத் தீயில் திருப்பிப் போட்டு எடுத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். கிலோ கணக்கில் வாங்காமல் கால் கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள், பேக்கரி எங்கேயும் போய்விடாது.